வட்டப் பாத்தி

பகலெல்லாம் வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது வெந்நீர்தான். அது காய்ந்த செம்மண்ணில் விழுந்ததும் தரையிலிருந்து வெதுவெதுப்பாக ஓர் ஆவி எழும்பி, பன்னீர் ரோஜாவின் வாசனையையும் மரிக்கொழுந்தின் வாசனையையும் சேர்த்து வாரிக்கொண்டு முகத்தில் வந்து மோதும். என் சிறுவயது மாலைகளைக் கண்ணைவிட என் மூக்குதான் நன்றாக நினைவு வைத்திருக்கிறது. அந்த வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும். பிடிக்கும் என்று எழுதும்போதே கூச்சமாகவும் இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கான காரணத்தைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் ஊர் முடிந்து திராட்சைப் பந்தல்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. அப்பா திராட்சை விவசாயி. அம்மா போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும், விடிந்ததிலிருந்து அடையும்வரை ஓயாத பேச்சுச் சத்தமும் உள்ள தெருவில் வளர்ந்தவளுக்கு, கல்தூணும் கம்பியும் கொடியுமாகச் சூழ்ந்திருந்த எங்கள் வீடு "காட்டுக்குள்ள கொண்டாந்து விட்ட மாதிரி" இருந்திருக்கிறது. அப்பாவிடம் அவள் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. வீட்டுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைக் கேட்டாள்.

அந்த இடத்தில் அவள் வைக்காத செடி இல்லை. போடிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் பையில் ஈரத்துணியில் சுற்றிய குச்சி ஒன்றாவது இருக்கும். கனகாம்பரம், சம்பங்கி, நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி என்று நம் ஊர் வெயிலைத் தாங்குகிற பூக்களோடு அவள் ஆசை நிற்கவில்லை. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர்களிடம் சொல்லி டேலியாக் கிழங்கு வரவழைப்பாள். குளிரில் வளர்ந்த அந்த "மலைப்பூ" எங்கள் சூட்டில் ஒரு மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். அதற்கு ஓலை நிழல் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். கம்பத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் புதுமணத் தம்பதிகளைக் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். "யார் போட்ட தோட்டம் இது?" என்று அவர்கள் கேட்பதும், அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரிப்பதும் எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

எங்கள் நிலத்துக்கு வடக்கே, கிளுவை வேலியைத் தாண்டினால் செல்லையா மாமாவின் ஒன்றரை ஏக்கர். அப்பாவுக்கு அவர் மச்சான் முறை. அவர் மனைவி ராசாத்தி அத்தை. ஒரே மகள் கோமதி, என் வகுப்பில் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள். அவர்களுடைய திராட்சை முழுவதும் ஒரு கிணற்றை நம்பித்தான் இருந்தது. கருங்கல் கட்டிய, நல்ல வட்டமான, பெரிய கிணறு. மாமாவின் அப்பா காலத்தில் வெட்டியது. வேலியோரமாக இருந்ததால் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே அதன் விளிம்பு தெரியும். நான் நீச்சல் பழகியது அந்தக் கிணற்றில்தான். மாமா என் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கியபடி, "கைய அடி ஆத்தா, கால அடி, நான் விட மாட்டேன்" என்பார். அவர் கையை எடுத்துவிட்டது தெரியாமலேயே நான் ஒருநாள் எதிர்ப்படிக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தேன்.

பிறகு மழை பொய்த்த வருடம் ஒன்று வந்தது. எங்கள் கிணற்றிலும் தண்ணீர் இறங்கியது. அப்பா, இருக்கிற தண்ணீரைத் திராட்சைக்கு மட்டும்தான் விட முடியும் என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் நாங்கள் குளித்த தண்ணீரையும் குடத்தில் பிடித்துச் செடிகளுக்குச் சுமந்தாள். டேலியா எல்லாம் கருகின. ஒரு சாயங்காலம் காய்ந்த தண்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள், பிடுங்கிய இடத்திலேயே உட்கார்ந்து தேம்பி அழுதாள். அதைப் பார்த்த அப்பா மறுவாரமே "போர்" போட ஏற்பாடு செய்தார்.

நீரோட்டம் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். தேங்காய் இரண்டு இடத்தில் எழுந்து நின்றது. ஒன்று தெற்கே பாறைப் பக்கம். மற்றொன்று வடக்கு வேலியோரம், செல்லையா மாமாவின் கிணற்றுக்குக் கூப்பிடு தூரம்கூட இல்லை. அப்பா தயங்கினார்.

"மச்சான் கிணத்துக்கு இம்புட்டுக் கிட்டத்துல போட்டா நல்லாருக்காது. பாறைப் பக்கமே போட்டுப் பாப்போம்."

அம்மா சொன்னாள்: "நம்ம எடத்துலதான போடுறோம்? அவுக கிணத்துக்குள்ளயா போடுறோம்? பாறையில போட்டுத் தண்ணி வராம வெறும் பொகையாப் போச்சுன்னா, இன்னொரு தடவ போட முடியுமா?"

அம்மா கெட்டவள் இல்லை. வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பியதில்லை. அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தன் செடிகள் மட்டும் தெரிந்தன, அவ்வளவுதான். அந்த அவ்வளவு போதுமானதாக இருந்தது.

போர் லாரி வந்து நின்று பூமியைத் துளைத்தபோது எங்கள் வீட்டுக் கூரையும் பாத்திரமும் அதிர்ந்தன. வெள்ளை வெளேரென்று கல்மாவு பறந்து செடிகளின் மேல் படிந்தது. பிறகு ஒரு பெரிய மூச்சோடு தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. நானும் கோமதியும் ஓடிப்போய் அந்தச் சேற்றுமழையில் நின்று கத்திக்கொண்டு ஆடினோம். அவள் சடை அவிழ்ந்து முகமெல்லாம் வெள்ளைச் சேறு. செல்லையா மாமாவும் வேலியைத் தாண்டி வந்திருந்தார். அவர் உள்ளங்கையில் தண்ணீரைப் பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி மாப்ள, உப்புக் கரிக்கல" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி, தன் கிணற்றை ஒருதரம் பார்த்தார். அந்தப் பார்வையை அன்று நான் பார்த்தேன். ஆனால் அது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

எங்கள் தோட்டம் அதுவரை இல்லாத அழகுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அடுத்த கோடையில் ஊரே மஞ்சளாகக் காய்ந்து கிடந்தபோது, எங்கள் வாசல் மட்டும் நனைந்த பச்சையாக இருந்தது. மாலையில் குழாயைப் பிடிக்க எனக்கும் தம்பிக்கும் சண்டை வரும். அப்படி ஒருநாள் நான் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி உயரே பீய்ச்சியபோது, வேலிக்கு அப்பால் ராசாத்தி அத்தை நிற்பது தெரிந்தது. "அத்தை, மழை!" என்று கத்திக்கொண்டு அவள் பக்கம் தெளித்தேன். அவள் கோபப்படவில்லை. இரண்டு கையையும் குவித்து அந்தத் துளிகளை ஏந்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் கிணற்றில் அப்போது மோட்டார் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

மாமா கிணற்றைத் தூர்வாரினார். அடியில் பக்கவாட்டில் துளையிட்டுப் பார்த்தார். கொஞ்சம் கசிந்தது, பிறகு அதுவும் நின்றது. அவர் கொடிகள் அப்போதுதான் "கவாத்து" முடிந்து, வெட்டிய கிளைகளில் புதுத்துளிர் விட்டுப் பிஞ்சு பிடித்திருந்தன. அந்த நிலையில் திராட்சைக்குத் தண்ணீர் நின்றால், பிள்ளைபெற்றவளுக்குச் சோற்றை நிறுத்துவதுபோல. ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாப்ள, காய் திரளுற வரைக்கும் தாக்காட்டுனாப் போதும். கொஞ்ச நேரம் நம்ம பக்கம் திருப்பிவிடேன்."

அப்பா திருப்பிவிட்டார். சில நாட்கள் வேலிக்கடியில் குழாய் போனது. பிறகு மோட்டார் ஓடுகிற அளவுக்குக் கரண்டு வருவதே அரிதாயிற்று. வந்த நேரத்தில் எங்கள் பந்தலுக்கே தண்ணீர் எட்டவில்லை. "பாப்போம் மச்சான்" என்றார் அப்பா. அதற்குமேல் மாமா கேட்கவில்லை. எங்கள் பந்தலுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது உண்மைதான். அதே நேரத்தில் அம்மாவின் பூச்செடிகள் ஒருநாள்கூட வாடவில்லை என்பதும் உண்மை. வேலி ஒன்றும் சுவர் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் தெரியும்.

எங்கள் வீட்டில் கிணற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. "மழ இல்ல" என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். மழை இல்லாததற்கு யாரும் பொறுப்பில்லை அல்லவா, அந்தச் சொல் எங்களுக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கிலிருந்து வெட்டுகிற சத்தம் கேட்டது. மாமா அரிவாளோடு பந்தலுக்குள் குனிந்து, ஒவ்வொரு கொடியாக அடியில் வெட்டிக்கொண்டு போனார். மேலே கம்பியில் சுருங்கிப்போன பிஞ்சுக் கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்தன. கோமதி வெட்டிய கொடிகளை இழுத்துக் குவித்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். அம்மா வாசலில் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒரே ரோஜாச் செடியின் அடியில் தண்ணீர் தேங்கித் தேங்கி வழிந்தது. பிறகு போய்க் குழாயை மூடினாள்.

அதற்குப் பின் அவள் அதைத் திறக்கவில்லை. எங்களையும் தொடவிடவில்லை. அப்பா கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். மலைப்பூ முதலில் போயிற்று, பிறகு சம்பங்கி துவண்டது, ரோஜா இலைகள் உதிர்ந்தன. தன் கையால் வளர்த்ததைத் தன் கண்ணெதிரே சாகவிட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

அப்போதுதான் ராசாத்தி அத்தை வந்தாள். வாசலில் நின்று செடிகளைச் சுற்றிப் பார்த்தாள்.

"என்ன மதினி, எல்லாம் இப்படிக் கெடக்கு?"

அம்மா குனிந்து, உதிர்ந்த ரோஜா இலைகளைப் பொறுக்கினாள்.

"எங்களுக்காகவா?"

அம்மா சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் மதினி. எங்க கொடி போச்சு. இதையும் சாகவிட்டா அது வந்துருமா? பச்சயாக் கண்ணுல பாக்க இங்கன இது ஒண்ணுதான் கெடக்கு. தண்ணிய விடுங்க."

சொல்லிவிட்டு, அத்தையே போய்க் குழாயைத் திருகிவிட்டாள். தண்ணீர் வரும் சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு வேலிப்பக்கமாக நடந்து போனாள். அன்று அம்மா அவள் பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டைவரை வந்தது என்றும், அதைச் சொன்னால் போரை மூட வேண்டிவருமோ என்று பயமாக இருந்தது என்றும் ரொம்ப காலம் கழித்து என்னிடம் சொன்னாள்.

மாமா நிலத்தை அப்பாவிடமே விற்றார். "எவனோ ஒருத்தன்கிட்டப் போறதுக்கு மாப்ளகிட்டயே இருக்கட்டும்" என்றாராம். மூன்று பேரும் மலைமேல் கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே தங்குவதற்கு வரிசை வீடு ஒன்று கொடுத்தார்கள். அவர்கள் போன ஜீப்பில் பாயும் பாத்திரமும் பின்னால் கட்டியிருந்தது. கோமதி முன்னால் அவள் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் என் பக்கத்து இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள்.

தண்ணீரில்லாத கிணறு வீட்டுப்பக்கம் இருந்தால் பிள்ளைகள் விழுந்துவிடும் என்று அப்பா அதை மூடினார். டிராக்டர் டிராக்டராக மண் வந்து கொட்டியது. முதலில் விழுந்த மண் அடியில் போய்ச் சேர்வதற்கு நேரமாகும், பிறகுதான் சத்தம் வரும். மேலே வர வர அந்தச் சத்தம் குறைந்து, கடைசியில் சத்தமே இல்லாமல் மண்மேல் மண் விழுந்தது. வேலியை எடுத்துவிட்டு அம்மா தன் தோட்டத்தை அங்கேயும் விரித்தாள். ஆழத்துக்கு இளகிய புதுமண் இருந்த அந்த வட்டத்தில் பன்னீர் ரோஜா வைத்தாள். அது பிடித்ததுபோல வேறெங்கும் பிடிக்கவில்லை. கருங்கல் விளிம்பு அப்படியே வரம்பாக நிற்க, நடுவில் குவிந்த ரோஜாச் செடிகள். வருகிறவர்கள் முதலில் போய் நிற்கிற இடம் அதுதான். என் கல்யாணப் படமும் அங்கேதான் எடுத்தது. அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். என் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும்தான் சிரித்திருக்கிறேன்.

காலம் போயிற்று. அப்பா இறந்தார். திராட்சையை எடுத்துவிட்டுத் தம்பி முழு இடத்தையும் தோட்டமாக்கினான். சுருளி அருவிக்கும் தேக்கடிக்கும் போகிறவர்கள் இறங்கிப் பார்க்க, கல்யாணத்துக்கு முன் படமெடுக்கிற ஜோடிகள் வாடகைக்கு எடுக்க, "அம்மாவின் தோட்டம்" என்று வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறான். நான் தேனியில் ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறையில் போவேன்.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பெண் அந்தத் தோட்டத்தை வீடியோ எடுக்க வந்தாள். நல்ல பெண். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, இந்த ரவுண்டு டிசைன் எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். தம்பி முந்திக்கொண்டு, "எல்லாம் அம்மாவோட ஐடியாதான்" என்றான். அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "அது நான் போட்ட வட்டம் இல்ல தாயி" என்றாள். படம் வெளியானபோது அந்த வரி அதில் இல்லை. தம்பியின் பதில் இருந்தது.

அன்றிலிருந்து அம்மா என்னிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "என்னைய ராசாத்திகிட்டக் கூட்டிட்டுப் போ." விசாரித்ததில், செல்லையா மாமா மலையிலேயே நெஞ்சுச் சளியில் இறந்துபோனதும், அத்தை இப்போது கோம்பையில் கோமதியோடு இருப்பதும் தெரிந்தது. கோமதி அங்கே தையல் கடை வைத்திருந்தாள்.

போனோம். அத்தைக்கு முதுகு வளைந்திருந்தது, ஆனால் ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வாங்க மதினி, வா ஆத்தா, உக்காருங்க" என்று ஓடி ஓடிச் செய்தாள். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. யார் யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற பேச்சு எல்லாம் முடிந்தது. அம்மாவின் தம்ளரில் காப்பி ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"ராசாத்தி, ஒங்க கிணறு வத்துனது மழையினால இல்ல. போர அங்கன போடச் சொன்னது நாந்தான். அவுக வேணாம்னாக."

"தெரியும் மதினி," என்றாள் அத்தை. "போர் போட்ட அன்னைக்கே எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியும். ராத்திரி வந்து சொன்னாக."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா? மூடியிருப்பீகளா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, கிணறு இருந்த இடத்தையாவது கோமதி பேருக்கு எழுதித் தந்துவிடுகிறேன் என்றாள். அத்தை கையை ஆட்டினாள்.

"வேணாம். ஒங்க மகன் அங்கன பொழைக்கிறாரு, பொழைக்கட்டும். நீங்க இம்புட்டு தூரம் வந்து சொல்லிட்டீக. ஒங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. எனக்கு எங்கன மதினி எறங்கும்?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு, "காப்பி ஆறிப்போச்சே, வேற போடவா?" என்று எழுந்தாள். அம்மா அந்த ஆறின காப்பியையே குடித்துத் தீர்த்தாள்.

கோமதி எங்களைக் கார்வரை கொண்டுவந்து விட்டாள். அம்மாவைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்தது அவள்தான். கதவைச் சாத்தியபின் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருநாள் வா கோமதி, வந்து பாரு" என்றேன். என்ன பார்க்கச் சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

"வர்றேன்" என்றாள். "எங்க பக்கத்து வாசல் இருக்கா? இல்ல, ஒங்க வாசல் வழியாத்தான் வரணுமா?"

அவள் குத்திக் கேட்டதாக நான் நினைக்கவில்லை. வழி தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். வடக்கே அவர்கள் வண்டி வந்துபோன பாதை பக்கத்துத் தென்னந்தோப்போடு சேர்ந்துவிட்டிருக்கிறது. படல் கட்டிய அவர்கள் வாசல் இருந்த இடத்தில் தம்பி சுற்றுச்சுவர் எழுப்பி, படமெடுக்கிறவர்களுக்குப் பின்னணியாக அதில் மலையும் அருவியும் வரைந்து வைத்திருக்கிறான். அங்கே ஒரு கதவு வைக்கலாமா என்று கேட்டேன். "அந்தப் பக்கம் ரோடே இல்லியேக்கா, யாரு வரப்போறா?" என்றான். அம்மா உள்ளே படுத்திருந்தாள். இப்போது அவள் எழுந்து வெளியே வருவது குறைந்துவிட்டது.

கோமதி இதுவரை வரவில்லை. அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட நினைத்து எடுக்கும்போதெல்லாம், அவள் முதலில் எதைக் கேட்பாள் என்று தெரிகிறது. அந்தச் சுவரில் இன்னும் கதவு இல்லை.